முதல் பியானோப் போட்டிக்கு எதில் பழகுவது? திருமலைக் குடும்பங்களுக்கு ஓர் ஒப்பீடு

வயலின் வாசிக்கும் பிள்ளை தன் வயலினோடு மேடையேறும். மிருதங்கம் வாசிக்கும் பிள்ளையும் அப்படித்தான். பியானோ வாசிக்கும் பிள்ளை மட்டும் முன்பின் தொட்டறியாத ஒரு வாத்தியத்தின் முன்னால் போய் உட்கார்ந்து, முதல் சுரத்திலிருந்தே புள்ளி வாங்க வேண்டும். முதற் போட்டியில் பிள்ளைகள் தடுமாறுவதற்கு மேடைப் பயத்தை எல்லோரும் காரணமாகச் சொல்வார்கள். அந்தப் பயத்தில் பெரும்பங்கு இந்த அந்நியப் பியானோவிலிருந்து வருகிறது. கட்டை எதிர்பார்த்ததைவிடப் பாரமாக இருக்கிறது, அல்லது பெடல் வேறு இடத்தில் பிடிக்கிறது. விரல் திகைக்கிறது, மனம் அதைப் பின்தொடர்கிறது.

பெயர் கொடுத்துவிட்டு மூன்று நான்கு மாதம் கையில் வைத்திருக்கும் திருகோணமலைக் குடும்பத்துக்கு நான்கு வழிகள் உண்டு. வீட்டிலிருக்கும் கீபோர்டிலேயே தொடரலாம். பாரக் கட்டைகளுள்ள டிஜிட்டல் பியானோ வாங்கலாம். தந்திகள் செங்குத்தாக நிற்கும் பழைய அப்ரைட் பியானோ ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவரலாம். தேவாலய மண்டபத்திலோ பாடசாலையிலோ நிற்கும் பியானோவில் நேரம் கேட்டு வாங்கலாம். எங்கள் முடிவை முதலிலேயே சொல்கிறோம்: வீட்டில் டிஜிட்டல் பியானோ, கடைசி எட்டு வாரமும் வாரத்துக்கு ஒரு முறையாவது மண்டபத்தில் உண்மையான பியானோ. முடிந்தால் ஒன்றுக்கு மேற்பட்ட பியானோ. ஒரே வாத்தியத்தில் கூடிய மணிநேரம் வாசிப்பதைவிட, வெவ்வேறு வாத்தியங்களில் சில மணிநேரம் வாசித்திருப்பது போட்டி நாளில் அதிகம் கைகொடுக்கும்.

கீபோர்டிலேயே தொடர்ந்தால்

61 கட்டைக் கீபோர்டு ஐந்து எட்டகம் (ஒக்டேவ், ஒரு சியிலிருந்து அடுத்த சி வரை) கொண்டது. பியானோவில் 88 கட்டைகள். ஏழு எட்டகமும் அதற்கு மேல் சிறிதும். தொடக்கநிலை உருப்படிகள் பலவும் 61 கட்டைக்குள் அடங்கிவிடும் என்பதால், இது போதும் என்று பெற்றோர் எண்ணுவது இயல்பு. சிக்கல் எண்ணிக்கையில் இல்லை, பாரத்தில் இருக்கிறது. கீபோர்டின் கட்டைக்குக் கீழே ஒரு சிறு சுருள்வில்தான். உண்மையான பியானோவில் ஒவ்வொரு கட்டையும் ஒரு சுத்தியலை எறிகிறது. அதை மெதுவாக இறக்கவே ஏறத்தாழ 50 கிராம் பாரம் வேண்டும். கட்டை கீழிறங்கும் ஆழமும் ஏறத்தாழ 10 மில்லிமீற்றர். கீபோர்டில் பழகிய பிள்ளை பியானோவில் மென்மையாக வாசிக்கப் போனால், நான்காம் ஐந்தாம் விரல்களின் சுரங்கள் கேட்காமலே போய்விடும். சுத்தியலுக்குத் தேவையான வேகம் கிடைக்காததால் அது தந்தியைத் தொடாமலே திரும்பிவிடுகிறது. பிள்ளை பதறி அழுத்தி வாசிக்கத் தொடங்கும், கை இறுகும், பத்து வரி தாண்டுவதற்குள் முன்கை நோகும்.

முதல் மூன்று நான்கு வாரத்தில் சுரங்களையும் விரல் எண்களையும் படிக்கக் கீபோர்டு உதவும். அதற்கு மேல் அதை நம்பிப் போட்டிக்கு அனுப்புவது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம்.

டிஜிட்டல் பியானோ

88 கட்டையும் பாரமாக இருக்கும் எளிய டிஜிட்டல் பியானோ பதினொன்று பன்னிரண்டு கிலோதான். ஒருவர் தூக்கி வைக்கலாம். சுருதி சேர்க்கத் தேவையில்லை. கடற்காற்று தந்தியைத் தின்னாது. இரவில் அயலாரைக் குழப்பாமல் ஹெட்போனில் வாசிக்கலாம். கரண்ட் போனால் மட்டும் ஓய்ந்துவிடும். மின்வெட்டுக் காலத்தில் அந்த நேரத்தை மனப்பாடத்துக்கு ஒதுக்குங்கள்.

இதிலே கெட்டுப்போகும் இடங்கள் உண்டு. முதலாவது ஹெட்போன். காதுக்குள்ளேயே ஒலி கேட்பதால் பிள்ளை எப்போதும் குறைந்த ஒலியில், மேலோட்டமாக வாசிக்கப் பழகிவிடும். பயிற்சியில் பாதியாவது ஒலிபெருக்கியில் இருக்க வேண்டும். ஒலியளவுக் குமிழை மூன்றில் இரண்டு பங்கில் வைத்துப் பேனையால் கோடு போட்டுவிடுங்கள். அதற்குமேல் மென்மையும் பலமும் விரலிலிருந்துதான் வர வேண்டும். எதிரொலி வசதியை அணைத்துவிடுங்கள். அது ஒழுங்கற்ற விரலையும் அழகாகக் காட்டிப் பிள்ளையை ஏமாற்றும். தொடுகை அளவை ‘மென்மை’யில் வைத்திருந்தால் ‘கடின’த்துக்கு மாற்றுங்கள்.

இரண்டாவது பெடல். மலிவான வாத்தியத்துடன் வரும் பெட்டி வடிவப் பெடல் வெறும் சுவிட்ச்: அழுத்தினால் உண்டு, விட்டால் இல்லை. உண்மையான பெடலில் முதலில் சிறிது வெற்று ஆழம் இருக்கும், பிறகுதான் தந்திகளின் ஒலியை நிறுத்தி வைக்கும் அடக்கிகள் எழும். பாதி எழுந்தால் ஒலி பாதியளவே நீடிக்கும். அந்தப் பெட்டிப் பெடல் டைல்ஸ் தரையில் வழுக்கியும் ஓடும், பிள்ளை கால் நீட்டித் துரத்தும். அடியில் ரப்பர் விரிப்பு போடுங்கள். வசதி இருந்தால் பியானோப் பெடலின் வடிவமுள்ள, அரைப் பெடலையும் உணரக்கூடிய ஒன்றை வாங்குங்கள். உங்கள் வாத்தியம் அதை ஏற்குமா என்று கையேட்டில் பார்த்த பின்.

மூன்றாவது, அதிகம் கவனிக்கப்படாதது, உயரம். கத்தரிக்கால் தாங்கியில் வைத்தால் கட்டைகள் பெரும்பாலும் தேவையற்ற உயரத்தில் நிற்கும், பலமாக வாசித்தால் ஆடும். தரையிலிருந்து வெள்ளைக் கட்டையின் மேற்பரப்பு 72 முதல் 74 சென்ரிமீற்றர் இருக்கட்டும். பியானோக்களில் அவ்வளவுதான் இருக்கும். பிளாஸ்டிக் கதிரை வேண்டாம். முன்கை தரைக்குச் சமாந்தரமாக நிற்கும் உயரத்தைக் கண்டுபிடித்து, அந்த இருக்கை உயரத்தை அளவுநாடாவால் அளந்து எழுதி வையுங்கள். போட்டி மண்டபத்தில் இருக்கையை எவ்வளவு உயர்த்துவது என்பதற்கு அந்த எண்தான் துணை.

பழைய அப்ரைட்டை வீட்டுக்குக் கொண்டுவருவது

பலருக்கு இது கனவு, அதை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் முதற் போட்டியை முன்னிட்டு வாங்க வேண்டாம். அப்ரைட் ஒன்று பெரும்பாலும் 200 கிலோவுக்கு மேல் வரும். லொறியில் வந்து இறங்கியதும் உடனே சுருதி சேர்க்கக் கூடாது. புதிய அறையின் ஈரப்பதத்துக்கு மரம் பழக இரண்டு மூன்று வாரம் வேண்டும். அந்த வாரங்கள் உங்கள் பயிற்சிக் காலத்திலிருந்து போகும்.

திருமலையின் காலநிலையும் மரத்துக்கும் தந்திக்கும் இரக்கம் காட்டாது. ஐப்பசி தொடங்கி மழையும் வாடையும் வர ஒலிப்பலகை ஈரத்தை உறிஞ்சி உப்பும், தந்திகளை மேலே தள்ளும், சுருதி ஏறும். நடு எட்டகங்களில் கூடுதலாகவும் ஓரங்களில் குறைவாகவும் ஏறுவதால் வாத்தியம் தனக்குள்ளேயே முரண்படும். ஆனி ஆடியில் கச்சான் காற்று உலர்த்தும்போது இதற்கு எதிர்மாறாகச் சுருதி இறங்கும். பியானோவுக்குப் பிடித்த ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம். டச்சுக்குடாப் பக்கம் வீடு வைத்திருப்பவருக்கு அது எட்டாக் கனி. உப்புக் காற்றில் தந்தி கறள் பிடிக்கும், உள்ளே கம்பளித் துணியைப் பூச்சி அரிக்கும்.

எப்படியும் ஒன்று வீட்டுக்கு வந்துவிட்டதென்றால், கடலைப் பார்த்த யன்னலிலிருந்தும் வெளிச்சுவரிலிருந்தும் தள்ளி வையுங்கள். தகரக்கூரை அறை வேண்டாம். கட்டை ஒட்டுகிறதென்று தேங்காய் எண்ணெயோ தையல் மெஷின் எண்ணெயோ விடவே கூடாது. ஒட்டுவதற்குக் காரணம் ஈரத்தில் உப்பிய மரமும் கம்பளித் துணியும். எண்ணெய் பட்டால் அந்தத் துணி பிசினாகி நிரந்தரமாகப் பிடித்துவிடும்.

மண்டபப் பியானோ

நான்கு வழிகளில் போட்டி நாளுக்கு மிக அருகில் நிற்பது இதுதான். அதனால் இதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். மதகுருவிடமோ அதிபரிடமோ கேட்கும்போது “பிள்ளை பழக வேண்டும்” என்று பொதுவாகக் கேட்காதீர்கள். எட்டு வாரம், வாரத்துக்கு ஒரு நாள், ஒரு மணிநேரம், பெரியவர் ஒருவர் கூடவே இருப்பார், திறப்பை அவரே வாங்கி ஒப்படைப்பார் என்று எழுதிக் கொடுங்கள். எல்லை தெரிந்த வேண்டுகோளுக்குச் சம்மதம் கிடைப்பது எளிது.

முதல் நாள் பிள்ளையை வாசிக்க விடும்முன் வாத்தியத்தைச் சோதியுங்கள். 88 கட்டையையும் ஒவ்வொன்றாக அழுத்தி விடுங்கள். திரும்பி எழாதவை, ஒலிக்காதவை, இரட்டையாக ஒலிப்பவை எவை என்று குறியுங்கள். கைபேசியில் சுருதி காட்டும் செயலி ஒன்றைப் போட்டு நடுப்பகுதியின் ஏ சுரத்தைப் பாருங்கள். 440 ஹேர்ட்ஸ் இருக்க வேண்டியது, பழைய வாத்தியத்தில் வெகுவாகக் கீழே இருக்கக்கூடும். அதற்காகச் சுருதி சேர்ப்பவரிடம் 440க்கு இழுத்துத் தரும்படி வற்புறுத்தாதீர்கள். 200க்கு மேற்பட்ட தந்திகள் பல தொன் இழுவையில் நிற்கின்றன. கறள் பிடித்த தந்தியை ஒரேயடியாக உயர்த்தினால் அறும். இருக்கிற சுருதியிலேயே தந்திகளைத் தம்முள் சேர்த்தால் பயிற்சிக்குப் போதும். அந்தச் செலவைப் போட்டிக்குப் போகும் இரண்டு மூன்று குடும்பங்கள் பகிர்ந்துகொள்ளலாம், மண்டபத்துக்கும் நன்மை.

சில கட்டைகள் சரியில்லாத பியானோவும் பயன்தரும். உங்கள் உருப்படி நடமாடும் எட்டகங்கள் வேலை செய்கின்றனவா என்பதே கேள்வி. அங்கே மூன்று கட்டைக்கு மேல் பழுதென்றால் வேறு மண்டபம் தேடுங்கள். பழுதைச் சமாளிக்கும் பழக்கம் விரலில் ஏறிவிடும்.

அந்த ஒரு மணிநேரத்தை வீட்டுப் பயிற்சி போலச் செலவழிப்பது பெரும் வீண். பிள்ளை உள்ளே வந்ததும், எதையும் தொட்டுப் பாராமல், வணங்கி, இருக்கையைச் சரிசெய்து, உருப்படியை முழுவதும் ஒரே தடவை வாசிக்கட்டும். இடையில் நிறுத்தக் கூடாது. போட்டியில் நடக்கப்போவது அதுவே என்பதால் இந்த முதல் ஐந்து நிமிடந்தான் மணிநேரத்தின் உயிர். எங்கே சறுக்கியது என்று இசைத்தாளில் பென்சிலால் குறியுங்கள். அதன்பின் பத்து நிமிடம் ஒரேயொரு தேடல்: இந்தக் கட்டைகளில் எழுப்பக்கூடிய மிக மென்மையான ஒலி எது? ஐந்து விரல்களால் ஐந்து சுரம், ஒலி காணாமல் போகும்வரை குறைத்து, மீண்டும் ஒரு படி ஏற்றி. புதிய பியானோவை அறிந்துகொள்ளும் குறுக்குவழி அது. பழகிய பிள்ளை அதை இரண்டு நிமிடத்தில் செய்துவிடும். பிறகு குறித்த இடங்கள், பிறகு பெடல், கடைசியில் மீண்டும் முழு உருப்படி.

கடைசி வாசிப்பின்போது அம்மாவோ அப்பாவோ பின்வரிசையில் போய் உட்கார வேண்டும். இசை தெரிந்திருக்க வேண்டியதில்லை. பாட்டு மேலே கேட்டதா, மற்றக் கை அதை மூடியதா என்று மட்டும் சொன்னால் போதும். பியானோவுக்கு முன்னால் இருக்கும் பிள்ளைக்கு அது ஒருபோதும் சரியாகத் தெரியாது.

போட்டியில் தந்திகள் கிடையாகப் படுத்திருக்கும் கிராண்ட் பியானோ என்றால் இன்னும் சில வேறுபாடுகளைச் சொல்லி வையுங்கள். அப்ரைட்டில் இடது பெடல் சுத்தியல்களைத் தந்திக்கு அருகே கொண்டுவரும்; கிராண்டில் கட்டைப்பலகை முழுவதும் பக்கவாட்டில் நகரும். விரலுக்கடியில் கட்டைகள் நகர்வதை முதன்முதலாக மேடையில் காணும் பிள்ளை உறைந்துபோகும். இசைத்தாள் வைக்கும் இடமும் உயரமாகவும் தொலைவாகவும் இருக்கும். கிராண்டில் கட்டை முழுதாக மேலெழும்முன்பே அதே சுரத்தை மீண்டும் ஒலிக்கலாம். பியானோ செய்த எரார் நிறுவனம் 1821ல் காப்புரிமை பெற்ற இரட்டை விடுப்புப் பொறிமுறை அது. ஆகவே அப்ரைட்டில் தடக்கிய விரைவுச் சுரங்கள் அங்கே எளிதாகும். இது பிள்ளைக்கு நல்ல செய்தி, முன்கூட்டியே சொல்லுங்கள்.

எந்த உருப்படி அந்நியப் பியானோவைத் தாங்கும்?

விதிமுறை இடம் கொடுத்தால், இப்போது படிக்கும் தரத்தைவிட ஒரு தரம் கீழேயுள்ள உருப்படியைத் தெரிவுசெய்யுங்கள். ஏ.பி.ஆர்.எஸ்.எம். அல்லது டிரினிட்டி என்ற பிரித்தானிய இசைத் தரப் பரீட்சைக்கு ஏற்கெனவே மெருகேற்றியது ஒன்று இருந்தால் அதுவே நல்ல தொடக்கம். பரீட்சையில் தேர்வாளர் ஓர் அளவுகோலை வைத்து அளப்பார். போட்டியில் அடுத்த பிள்ளையோடு ஒப்பிடுவார்கள். ஒப்பிடும் இடத்தில், கடினமானதைத் தட்டுத்தடுமாறி வாசித்த பிள்ளையைவிட எளிதானதைப் பாடுவது போல வாசித்த பிள்ளை முன்னே நிற்கும்.

கிளெமென்றியின் 36ஆம் இலக்கத் தொகுதியிலுள்ள முதலாம் சொனட்டினா (1797) பெடல் இல்லாமலே நிற்கும். முதற்பகுதி 38 பார்கள்தான் (பார் என்பது இசைத்தாளில் இரண்டு செங்கோடுகளுக்கு இடைப்பட்ட அளவு). ஆனால் வரிசையாக ஓடும் ஸ்கேல்களில் விரலின் ஒழுங்கின்மை அப்பட்டமாகத் தெரியும், ஒட்டும் கட்டை ஒன்று இருந்தால் ஓட்டமே தடைப்படும். பாஹின் முதலாம் இருகுரல் இன்வென்ஷன் 22 பார்கள். கட்டையின் பாரம் மாறினாலும் அதன் அழகு குறையாது. மனப்பாடம் தவறினால் மட்டும் மீள்வது கடினம், ஏனென்றால் இரண்டு கையும் தனித்தனியே பேசுகின்றன. ஒன்று நின்றால் மற்றது தாங்காது. புர்க்முல்லரின் நூறாம் இலக்கத் தொகுதியில் வரும் ‘அரபெஸ்க்’ பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது. பாரமான கட்டையில் அதன் விரைவான சுரக்கொத்துகள் கையைக் களைக்க வைக்கும்; பகுதிகள் குறுகியவை என்பதால் சறுக்கினாலும் அடுத்த பகுதியில் பிடித்துக்கொள்ளலாம். முதற் போட்டிக்கு நாங்கள் அதையே முதலில் வைப்போம். ஷூமானின் ‘மகிழ்ச்சியான உழவன்’ இடது கையில் பாட்டைத் தருகிறது. அடிச்சுரங்கள் முழங்கும் அப்ரைட்டிலும் மெலிந்த சிறு கிராண்டிலும் அது வெவ்வேறு உருப்படி போலவே ஒலிக்கும். மண்டபப் பயிற்சி கிடைக்காத பிள்ளைக்கு வேண்டாம்.

பேத்தோவனின் ‘எலீஸுக்காக’ வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொல்கிறோம். எல்லோருக்கும் தெரிந்த முதற்பக்கம் எளிது; நடுவில் வரும் விரைவுப் பகுதியும் அடிச்சுரம் விடாது துடிக்கும் பகுதியும் அந்தத் தரத்துக்கு மேலானவை. முதற்பக்கத்தை மட்டும் வாசித்தால் உருப்படி முழுமையில்லை.

குதிக்கால் தரையில் ஊன்றாத சிறு பிள்ளைக்குப் பெடல் தேவைப்படும் எதுவும் வேண்டாம். எட்டகத்தைச் சிரமமின்றி எட்டாத கைக்கு எட்டகம் உள்ள எதுவும் வேண்டாம்.

மனப்பாடமும் வேகமும்

விரல் நினைவை மட்டும் நம்பியவர்களைத்தான் அந்நியக் கட்டை முதலில் கைவிடும். கட்டையின் உணர்வு மாறியதும் விரலின் நினைவு அறுந்துபோகிறது. அதனால் உருப்படியை நான்கு அல்லது எட்டுப் பார்களாகப் பிரித்து இலக்கமிடுங்கள். இலக்கங்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கி, எடுத்த இடத்திலிருந்து பிள்ளை தொடங்க வேண்டும். போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது எந்தச் சீட்டுக்கும் தயங்காமல் தொடங்கினால் மனப்பாடம் உறுதி.

ஒரேமாதிரி இரண்டு தடவை வரும் இடங்கள்தான் பொறி. அந்தக் கிளெமென்றியில் முதல் இசைக்கரு 24ஆம் பாரில் ஓர் எட்டகம் கீழே திரும்பி வருகிறது. தொடக்கத்தில் ஜி சுருதிக்கு நகர்ந்த பகுதி இந்தத் தடவை சி சுருதியிலேயே முடிகிறது. கவனம் தப்பிய பிள்ளை பழையபடி ஜிக்குப் போய், வட்டமடித்து, முடிவைக் காணாமல் தவிக்கும். இரண்டு திருப்பங்களையும் அடுத்தடுத்து வாசித்து, எந்தச் சுரத்தில் பிரிகின்றன என்று வாய்விட்டுச் சொல்ல வையுங்கள்.

வேகத்தை, நிமிடத்துக்கு இத்தனை தட்டு என்று எண்ணிக் காட்டும் மெட்ரோனோமில் தீர்மானியுங்கள். பிழையின்றி வாசிக்கக்கூடிய உச்ச வேகத்திலிருந்து எட்டு முதல் பத்து எண் குறைத்ததே மேடை வேகம். படபடப்பு அதைத் தானாகவே கூட்டிவிடும்.

பயணம்

போட்டி கொழும்பில் என்றால் ஹபரணை, தம்புள்ள, குருநாகல் வழியாக ஏறத்தாழ 260 கிலோமீற்றர். இரவு மெயில் ரயில் ஒரு நாள் விடுதிச் செலவை மிச்சப்படுத்தும், ஆனால் உறங்காத பிள்ளை காலையில் மேடையேறும். போட்டி பிற்பகலில் என்றால்கூட அதைத் தெரிவுசெய்ய மாட்டோம். முதல் நாள் பகல் பஸ்ஸில் போய், உறவினர் வீட்டில் உறங்கி எழுவதே நல்லது. பஸ்ஸில் தூக்கிப்போக அதிகம் எதுவும் தேவையில்லை: மூல இசைப்புத்தகம் (பிரதியெடுத்த தாளைப் பல போட்டிகள் ஏற்பதில்லை), உலர்ந்த துணி ஒன்று, மெல்லிய சுவெட்டர். கடைசிப் பொருளை மறக்க வேண்டாம். திருமலை வெக்கையில் பழகிய விரல்கள் குளிரூட்டிய மண்டபத்தில் அரைமணிநேரம் காத்திருந்தால் விறைத்துவிடும். முறை வருவதற்குப் பத்து நிமிடம் முன்பு கைகளை வெந்நீர்ப் போத்தலில் அணைத்து வைத்திருக்கலாம்.

முன்கூட்டியே பியானோவைத் தொட்டுப் பார்க்க நேரம் தருவார்களா என்று ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள். இரண்டு நிமிடம் தந்தாலும் உருப்படியை வாசித்துப் பார்க்க வேண்டாம்; மிக மென்மையான ஒலியையும் பெடல் பிடிக்கும் இடத்தையும் தேடினால் போதும். தராவிட்டால் மேடையில் இருக்கையை அளந்த உயரத்துக்குக் கொண்டுவரும்போதே வலது காலால் ஒலியின்றிப் பெடலை இரண்டு தடவை அழுத்திப் பார்க்கலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். பிறகு முதல் இரண்டு பார்களை மேடை வேகத்தில் மனதுக்குள் கேட்டுவிட்டுத் தொடங்கட்டும். நடுவில் ஒரு கட்டை ஒட்டிக்கொண்டால் அதைக் கிண்டி எடுக்க நிற்காமல் தொடர வேண்டும். அடுத்து வரும் பிள்ளைக்கும் அதே கட்டைதான் என்பதால், வாசித்து முடித்து இறங்கியதும் நடுவர் மேசையிலோ ஏற்பாட்டாளரிடமோ பெற்றோர் தெரிவித்துவிட வேண்டும்.